ஊழியமும் ஊதியமும்

ஊழியம், ஊதியம் என்ற இரண்டு சொற்களுக்கும் நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் மாறுகிறது. திருச்சபைக்குள் பிறந்து வளர்ந்த எங்களுக்கு முதல் சொல் தாய்ப்பால் மாதிரி. "அவங்க ஊழியத்துல இருக்காங்க" என்று சொன்னால் கேட்பவர் குரல் தானாகத் தணிந்துவிடும். சம்பளம் எவ்வளவு, வேலை நேரம் என்ன, வார விடுமுறை உண்டா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு.

என் தங்கை ஏழு ஆண்டுகளாக மலேசியாவில் ஊழியத்தில் இருக்கிறாள். அவள் கணவர் அங்கே ஒரு தமிழ்ச் சபையின் போதகர். நியமனக் கடிதத்தில் அவர் பெயர் இருக்கிறது. பெயருக்குப் பின்னால் "குடும்பத்துடன்" என்று ஒரு சொல் இருக்கிறது. செவிலியர் படிப்பு முடித்து, ஆறு ஆண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த என் தங்கை அந்த ஒரு சொல்லுக்குள்தான் இருக்கிறாள். அவள் விசாவில் வேலை செய்ய அனுமதி கிடையாது. ஆனால் ஞாயிறு பள்ளி நடத்தவும், பெண்கள் ஐக்கியத்தைக் கூட்டவும், நோயாளிகளைப் பார்க்கப் போகவும், வரும் விருந்தாளிகளுக்கெல்லாம் சமைக்கவும் எந்த நாட்டு அனுமதியும் தேவைப்படவில்லை. அதெல்லாம் ஊழியம்.

இந்தச் சொல்லுக்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. திருவிதாங்கூரில் 'ஊழியம்' என்றால் அரசுக்கும் கோயிலுக்கும் கூலி வாங்காமல் செய்ய வேண்டிய கட்டாய வேலை. சுமை தூக்குவது, புல் அறுத்துக் கொடுப்பது என்று ஒடுக்கப்பட்ட சாதியார்மேல் சுமத்தப்பட்டிருந்த வேலை. கிறிஸ்தவர்களானவர்களை ஞாயிற்றுக்கிழமையாவது விட்டுவிடுங்கள் என்று லண்டன் மிஷன்காரர்கள் கேட்டுப் போராடினார்கள். கேட்டதும் கிடைத்தது. அதே காலத்தில் நாகர்கோவிலில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். பின்னலுக்குக் காசு வந்தது. அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் அந்தக் காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டதாக மிஷன் வரலாறு சொல்கிறது. கூலியில்லாத வேலைக்கு ஊழியம் என்று பெயர் வைத்திருந்த ஊரில், பெண்களின் கைக்கு முதல் கூலியை வரவழைத்தவர் ஒரு மிஷனரியின் மனைவி. மார்த்தா மால்ட்டுக்கே அந்த வேலைக்குச் சம்பளம் உண்டா என்று நாம் கேட்டுப் பழகவில்லை. 'மிஷனரி' என்ற சொல் அவர் கணவருக்கு. அவருக்கு 'மிசியம்மா'.

1819ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து 'இண்டஸ்' என்ற கப்பல் கிளம்பியது. யாழ்ப்பாணத்துக்குப் போகவிருந்த மிஷனரிகள் அதில் இருந்தார்கள். ஹாரியட் என்ற பெயரில் இரண்டு இளம் பெண்களும் இருந்தார்கள். ஒருவர் ஹாரியட் ஸ்கடர். மருத்துவர் ஜான் ஸ்கடரின் மனைவி. யாழ்ப்பாணம் போய்ச் சேருமுன்பே தன் மூத்த பெண்குழந்தையைக் கல்கத்தாவில் அடக்கம் செய்துவிட்டுத்தான் அவர் பண்டத்தரிப்புக்கு வந்தார். பிறகு பெற்ற பிள்ளைகளில் ஏழு ஆண்கள் மிஷனரிகளானார்கள். மூன்று, நான்கு தலைமுறைகளில் அந்தக் குடும்பத்திலிருந்து நாற்பது பேருக்கு மேல் இந்தப் பணிக்கு வந்தார்கள் என்று இன்றும் பெருமையோடு சொல்வார்கள்.

இன்னொருவர் ஹாரியட் வின்ஸ்லோ. 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கியவர். அந்தப் பள்ளி இன்றைக்கும் இருக்கிறது. அவர் 1833இல் இறந்தார். அவர் கணவர் மிரன் வின்ஸ்லோவை நமக்குத் தெரியும். 1862இல் வெளிவந்த தமிழ்-ஆங்கிலப் பேரகராதி அவர் பெயரில்தான் இருக்கிறது. 67,000க்கும் மேற்பட்ட சொற்கள். வின்ஸ்லோ மொத்தம் ஐந்து முறை திருமணம் செய்தார். மனைவி இறந்தபோதெல்லாம் அடுத்த திருமணம். அவர் சபலக்காரர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வீடு, பிள்ளைகள், பள்ளி, விருந்தாளிகள், நோயாளிகள் என்று பங்களாவில் ஒரு வேலைக்கான இடம் இருந்தது. அந்த இடம் காலியானால் பணி நின்றுவிடும். ஆகவே அதை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. சம்பளப் பட்டியலில் இல்லாத ஒரு பதவியை நிரப்புவதற்குத் திருமணத்தைத் தவிர வேறு வழியில்லை.

சமூகவியலாளர் ஹன்னா பாப்பனெக் 1973இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து இருவரின் உழைப்பை வாங்கிக்கொள்ளும் வேலை. தூதரக அதிகாரி, ராணுவ அதிகாரி, பெரிய நிறுவனத்தின் மேலாளர் என்று அந்தப் பட்டியல் நீளும். போதகரையும் அதில் தாராளமாகச் சேர்க்கலாம்.

மிஷன் வழக்கில் 'ஃபர்லோ' என்று ஒன்று உண்டு. சில ஆண்டுகள் வேலை பார்த்ததும் சொந்த நாட்டுக்குப் போய், உடம்பைத் தேற்றிக்கொண்டு, சபை சபையாகப் பேசி நிதி திரட்டி, பிள்ளைகளைப் படிப்புக்காக அங்கே விட்டுவிட்டு மறுபடி கப்பலேறுவது. போகும்போது குடும்பமாகப் போவார்கள். திரும்பும்போது குடும்பம் பாதியாகியிருக்கும். திரும்பி வந்த தந்தை தன் வேலைக்குள் போய்விடுவார். தாய் தன் பிள்ளைகள் இல்லாத வீட்டைத் திறந்து, தூசு தட்டி, அடுத்தவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்குவார். இந்தத் திரும்புதலுக்கே போகாதவர் ஒருவர் இருந்தார். 1840இல் யாழ்ப்பாணம் வந்து நாற்பது ஆண்டுக் காலம் உடுவில் பள்ளியை நடத்திய எலைசா ஆக்னியூ. திருமணம் ஆகாதவர். ஒரு தடவைகூட அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகாமல் 1883இல் யாழ்ப்பாணத்திலேயே இறந்தார்.

பிரிந்த பிள்ளைகளில் ஒருத்தியைத் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர். பதின்ம வயதில் அவரை அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு அம்மா சோஃபியா கணவரிடம் திரும்பி வந்தார். இந்தியா பக்கமே போவதில்லை என்று ஐடா முடிவு செய்திருந்தது அந்தப் பிரிவின் விளைவு. 1890இல் அவர் திண்டிவனம் வந்ததற்குக் காரணம் இறைவனின் அழைப்பு அல்ல. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அண்ணன்கள் இருந்தார்கள். ஆனாலும் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டது மகளைத்தான். இந்த வரியைப் படிக்கும் பெண்கள் பலருக்கும் இது அவரவர் வீட்டுக் கதை.

திண்டிவனம் எங்கள் பழைய தென்னார்க்காடு மாவட்டத்து ஊர். அங்கே ஓர் இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியரைப் பார்க்கப் பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்டதும், ஆண் மருத்துவரை அவர்கள் மறுத்ததும், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்ததும் பலமுறை சொல்லப்பட்ட கதை. அந்த மூன்று பெண்களின் பெயர்கள் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஐடா மருத்துவம் படித்து 1900இல் திரும்பி வந்தார். இந்த முறை அவர் யார் பெயருக்கும் பின்னால் 'குடும்பத்துடன்' வரவில்லை. வந்த சில மாதங்களில் அப்பா இறந்தார். அம்மா சோஃபியா 1925இல் இறக்கும்வரை மகளோடு வேலூரிலேயே வாழ்ந்தார். 1902இல் மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. தொடக்கத்தில் பங்களாவின் ஒரு சின்ன அறையில் ஐடா நோயாளிகளைப் பார்த்தபோது உதவிக்கு இருந்தவர் வீட்டில் வேலை செய்த சலோமி என்ற பெண். மருந்து கலக்கவும் கட்டுப் போடவும் அங்கேயே கற்றுக்கொண்டவர். இன்றைக்கு உலகம் அறிந்த ஒரு நிறுவனத்தின் முதல் செவிலியர் என்று சலோமியைத்தான் சொல்ல வேண்டும்.

சலோமியைப் பற்றிப் படித்தபோது எனக்கு எங்கள் பாட்டியின் அம்மா நினைவுக்கு வந்தார். நான் அவரைப் பார்த்ததில்லை. தென்னார்க்காட்டில் ஒரு மிஷன் பங்களாவில் அவர் ஆயாவாக இருந்தார். எங்கள் பக்கத்தில் பாட்டியை 'ஆயா' என்றுதான் கூப்பிடுவோம். பங்களாவிலும் அவர் ஆயாதான். அந்த ஆயா போர்த்துக்கீசியத்திலிருந்து வந்த சொல் என்பது எனக்குப் பின்னாளில் தெரிந்தது. ஆக, இரண்டு மொழிகளில் அவர் ஆயா. துரை குடும்பம் ஃபர்லோ முடிந்து திரும்பப் போகிறது என்று கடிதம் வந்தால் சேரிப் பெண்கள் பத்துப் பேர் போய்ச் சுண்ணாம்பு அடித்து, கிணற்றைத் தூர்வாரி, மெத்தைகளை வெயிலில் போடுவார்களாம். அதற்குக் காசு கொடுத்ததாகப் பாட்டி சொன்னதில்லை. "சாமி காரியம், காசு கேப்பாங்களா?" என்பார். வெள்ளைக்காரக் குழந்தை இரவில் அழுதால் தூக்க ஆள் வேண்டும் என்பதால் அவர் அம்மா பங்களாத் திண்ணையிலேயே படுத்துக்கொள்வார். பாட்டியும் அவர் தம்பியும் சேரியில் பெரியம்மா வீட்டில் தூங்குவார்கள். ஒரு குடும்பம் கடல் தாண்டி வந்து நிம்மதியாகக் குடியமர்வதற்கு இன்னொரு குடும்பம் அரை மைல் தூரத்தில் பிரிந்து கிடந்தது.

சாதி விஷயத்தில் மிஷன்களுக்குள் சண்டைகள் நடந்தன. பந்தியிலும் பலிபீடத்திலும் சாதியை அனுமதிக்கக் கூடாது என்று லைப்சிக் மிஷனிலிருந்து பிரிந்த கார்ல் ஓக்ஸ், மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக வேலையைத் தொடங்கினார். அதைத்தான் பிறகு டேனிஷ் மிஷன் எடுத்துக்கொண்டது. திருக்கோவிலூரிலும் திருவண்ணாமலையிலும் அந்தப் பெயரில் உள்ள பள்ளிகளில் எங்கள் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர் படித்திருக்கிறார்கள். அதே மிஷனில் திருக்கோவிலூரில் இருந்தவர் எஸ்தர் ஃபேரிங். திருமணமாகாத பெண்களைச் சங்கம் அவர்கள் பெயரிலேயே நியமித்தது. ஆனால் அவர் 1917இல் ஆன் மரி பீட்டர்சனோடு சபர்மதி போய்க் காந்தியைச் சந்தித்து, அந்த நட்பைத் தொடர்ந்தபோது, அதைச் சங்கம் விரும்பவில்லை. இரண்டு பேரும் சங்கத்தைவிட்டு வெளியே வந்தார்கள். பீட்டர்சன் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய பெண்கள் பள்ளிக்கு 1921இல் காந்தி அடிக்கல் நாட்டினார். பெண்ணுக்கு நியமனக் கடிதம் கிடைத்தாலும், தன் மனசாட்சிப்படி நடக்க அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இனி 2024 ஜூன் மாதத்துக்கு வருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கிடைக்கும் இரண்டு மாத விடுப்பில் தங்கை குடும்பத்தோடு கள்ளக்குறிச்சி வந்திருந்தாள். ஜூலை முதல் வாரம் திரும்ப டிக்கெட். ஜூன் 19 காலை, கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் ஒவ்வொருவராக விழுகிறார்கள் என்று செய்தி வந்தது. மெத்தனால் கலந்த சாராயம். வயிற்றெரிச்சல், வாந்தி, கண் மங்கல். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனை நிரம்பி, சேலத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடின. அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். பெண்களும் இறந்தார்கள். நகரத்தின் நடுவில், காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் பக்கத்தில் இருக்கிற தெருக்கள் அவை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் கோமுகி ஆற்றின் கரையில் வரிசையாகச் சிதைகள் எரிந்தன.

எங்கள் வீட்டிலிருந்து கருணாபுரம் நடந்து போகும் தூரம்தான். தங்கையும் நானும் அம்மாவும் போனோம். பிறகு தங்கை தினமும் போனாள். பிரசங்கம் செய்யவோ ஜெபக்கூட்டம் நடத்தவோ அவள் போகவில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தவர்களின் காகிதங்களைப் படித்துச் சொன்னாள். எந்த மாத்திரை எப்போது, பார்வை எதனால் மங்குகிறது, எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்ப ஓட வேண்டும் என்று விளக்கினாள். மெத்தனால் கண் நரம்பைத் தாக்கும் என்பதால் "இப்ப தெளிவா இருக்கில்ல, விடு" என்று இருந்துவிடக் கூடாது என்று வீடு வீடாகச் சொன்னாள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அரசு அறிவித்த 10 லட்சத்துக்கான விண்ணப்பம் என்று எழுதிக்கொடுத்தாள். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு அவள் தன் படிப்பைக் கையில் எடுத்திருந்தாள். அவள் முகம் மாறியிருந்ததை அம்மாவும் கவனித்தார்.

கணவரை இழந்த ஓர் அக்கா அவளிடம் பேச்சுக் கொடுத்தார். வீட்டு வேலைக்குப் போகிறவர்.

"நீ எங்கம்மா வேல பாக்கற?"

"வேல இல்லக்கா. மலேசியாவுல ஊழியத்துல இருக்கோம்."

"சம்பளம் எவ்ளோ தராங்க?"

"எனக்கு இல்லக்கா, அவருக்குத்தான்."

"அப்ப நீ என்னா பண்ணுவ?"

தங்கை சொல்லத் தொடங்கினாள். அந்த அக்கா முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நான் நாலு வீட்டுல செய்யறத நீ ஒரே வீட்டுல செய்யற. எனக்காவது மாசமானா காசு தராங்க."

எங்கள் சபையில் யாரும் கேட்கத் துணியாத கேள்வியைத் துக்க வீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் இரண்டு நிமிடத்தில் கேட்டு முடித்துவிட்டார்.

ஆறு மாதம் இங்கேயே இருந்து இந்தக் குடும்பங்களோடு வேலை செய்ய விரும்புவதாகத் தங்கை தன்னை அனுப்பிய சபை நிர்வாகத்துக்கு எழுதினாள். கணவர் தடுக்கவில்லை. அவர் நல்ல மனிதர். கடிதத்தைத் தட்டச்சு செய்து கொடுத்ததே அவர்தான். பதில் மூன்று நாளில் வந்தது. நியமனத்தில் இல்லாதவருக்கு விடுப்பு நீட்டிக்க விதியில்லை. அதே சமயம் போதகர் குடும்பமில்லாமல் திரும்புவது சபைக்கு நல்ல சாட்சியாக இருக்காது. விடுப்பு கேட்கும்போது அவள் ஊழியர் இல்லை. திரும்பிப் போகும்போது அவள் இல்லாமல் ஊழியம் இல்லை. இரண்டு வாக்கியங்களும் ஒரே தாளில் இருந்தன.

ஜூலையில் போனார்கள். ஆறு வயதும் நான்கு வயதுமான பிள்ளைகளைப் பிரிய வேண்டியிருக்கவில்லை, கப்பலில் மாதக்கணக்கில் போக வேண்டியிருக்கவில்லை. இரண்டு நூற்றாண்டில் அவ்வளவு மாறியிருக்கிறது. திரும்பிக் குடியமர்ந்த கதையை அவள் குரல் பதிவுகளாக அனுப்பினாள். பூட்டிக் கிடந்த வீட்டில் பூஞ்சை. அதைக் கழுவ வந்தவர்கள் சபைப் பெண்கள். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிய குடும்பத்துப் பாட்டி ஒருவர் அரிசி, பருப்பு, கருவாடு எல்லாம் கொண்டுவந்து அடுக்கி, அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டையும் செய்து வைத்துவிட்டுப் போனார். "இவங்களுக்கும் யாரும் காசு குடுக்கலக்கா. நம்ம ஆயாவோட அம்மா ஞாபகம் வந்துது" என்றாள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை வரவேற்புக் கூட்டம். போதகருக்கு மாலை. அவளுக்குச் சால்வை. சால்வையோடு சமையலறைக்குப் போனாள். நாற்பது பேருக்குத் தேநீர் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் இந்தத் தடவை அவள் ஒரு நோட்டு வாங்கினாள். எந்த நாளில் என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று எழுதினாள். வீட்டுச் சமையலையும் பிள்ளைகளையும் சேர்க்கவில்லை. சபை வேலை மட்டும். நான்கு வாரக் கணக்கில், வாரத்துக்குச் சராசரி இருபத்தொன்பது மணி நேரம் வந்தது. நான் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. வகுப்பில் நிற்கும் நேரத்தை மட்டும் கணக்குப் போட்டால் நானே அவ்வளவு வரமாட்டேன். எனக்குச் சம்பளமும் விடுப்பும் உண்டு.

1972இல் ஐரோப்பாவில் சில பெண்கள் வீட்டு வேலைக்கு ஊதியம் கேட்டு இயக்கம் தொடங்கியபோது, அன்பை விலைக்கு விற்கிறார்கள் என்று அவர்களைக் கேலி செய்தார்கள். அன்பு, தியாகம், அழைப்பு என்று எந்தப் பெயர் வைத்தாலும் மணி நேரம் மணி நேரம்தான். என் தங்கைக்கு விசுவாசம் குறைந்துவிடவில்லை. இன்றும் அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெபிக்கிறவள். ஜெபிப்பது அவளுடைய காரியம். இருபத்தொன்பது மணி நேரம் சபையின் காரியம்.

அந்தக் கணக்கோடு மூன்று விஷயங்களைக் கேட்டுக் கடிதம் எழுதினாள். தன் பெயரில் ஒரு நியமனக் கடிதம். அதற்குரிய படி. வாரம் ஒரு நாள் ஓய்வும் ஆண்டுக்கு ஒரு மாதம் தனக்கென்று விடுப்பும். அந்த மாதத்தை எங்கே கழிப்பேன் என்பதை அவள் எழுதவில்லை. எனக்குத் தெரியும். கருணாபுரத்து அக்கா அவளோடு இன்னும் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். கடிதத்துக்கு "ஜெபத்துடன் பரிசீலிக்கிறோம்" என்று பதில் வந்திருக்கிறது. உறையின் மேல் 'திருமதி' என்று போட்டு அவள் கணவர் பெயரை எழுதியிருந்தார்கள்.

எங்கள் அப்பாவும் போதகர்தான். அம்மா முப்பத்துநான்கு ஆண்டுகள் ஐயரம்மாவாக இருந்தவர். ஒன்பது ஊர் மாறினார், ஒன்பது வீட்டைத் திறந்து துடைத்தார். 2023 செப்டம்பரில் தமிழக அரசு மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியபோதுதான் அவர் பெயரில் முதல்முதலாக ஒரு தொகை வங்கிக்கு வந்தது. அதற்கு 'உரிமைத் தொகை' என்று பெயர். குறுஞ்செய்தியை எங்களிடம் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

தங்கையின் கடிதத்தை நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். முடித்ததும் சற்று நேரம் விரல்விட்டு எதையோ எண்ணினார்.

"நல்லாதான் எழுதியிருக்கா. ஏன்டி, பழைய பாக்கியும் சேத்துக் கேக்கலாமா?"